ஆறாம் மாதக் கோழிகள்

மனைவி சாஃப்தா படுத்த படுக்கையான பிறகுதான் தோதெர் வீட்டுக் கோழிகளைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை ரயில்பாதை வேலைக்குப் போனார், வந்தார். தட்டில் முட்டை இருந்தது, சாப்பிட்டார். வசந்தத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்லாயா சந்தையிலிருந்து அட்டைப்பெட்டி நிறையக் குஞ்சுகளைக் கொண்டுவந்து, சாஃப்தாவின் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே வைத்தாள்.

"இந்த நிலமையில இது எதுக்கு?" என்றார் தோதெர்.

"நான் செத்த ஆறாம் மாசப் பூசைக்கு," என்றாள் சாஃப்தா. "கும்பிட வர்றவங்களுக்குக் கடைக்கோழி போட்டு என் மானத்த வாங்காத."

ஊரில் எல்லாப் பெண்களும் சவத்துணியைத் தாங்களே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். அவளும் வைத்திருந்தாள். ஆனால் துணிக்குத் தீனி போட வேண்டியதில்லை. தோதெர் வெளியே போய், தேவைக்கு மேலேயே விறகு பிளந்தார்.

அதன் பிறகு அவள் படுத்தபடியே சொல்ல, அவர் செய்தார். "பெட்டிக்கு மேல சூட்டுக்குத் தொங்குற பல்ப இன்னும் மேல தூக்கு. குஞ்சு விலகி ஓடுது பாரு, அதுக்குச் சுடுது." குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பல்பை இறக்கச் சொன்னாள். அவித்த முட்டையையும் காஞ்சொறிக் கொழுந்தையும் பொடியாக நறுக்கி, சோள ரவையில் பிசறிப் போட்டார்.

"எனக்கு ஒருநாளாவது இப்படி நறுக்கிக் குடுத்திருப்பியா?"

"உனக்குத்தான் பல்லு இருக்கே!"

குஞ்சுகளுக்கு இறகு முளைத்துக்கொண்டிருந்தபோது அவள் இறந்தாள்.

ஒன்பதாம் நாள் பூசைக்குக் கொலிவா செய்தார்கள்; வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்தது. பாதிரியார் மந்திரித்த அதைக் குப்பையில் கொட்டக் கூடாது, மிஞ்சினால் பறவைகளுக்குத்தான். மிஞ்சியதைத் தோதெர் குஞ்சுப் பெட்டிக்குள் வைத்தார். அவள் பேரில் வந்த உணவை அவளுடைய குஞ்சுகள் தின்னட்டும் என்று நினைத்தார். ஆசை ஆசையாகத் தின்றன.

மறுநாளிலிருந்து சாகத் தொடங்கின. கழுத்துக்குக் கீழே தீனிப்பை கல்லாக வீங்கியிருந்தது.

"முழுக் கோதுமையவா போட்டீங்க, அண்ணே?" அக்லாயா தலையில் அடித்துக்கொண்டாள். "மண்ணையே மிதிக்காத குஞ்சு! வயித்துல ஒரு மணல் துணுக்குகூட இல்ல. எத வச்சு அரைக்கும்?"

"மந்திரிச்சதுதானே அக்லாயா..."

அவள் அதற்குமேல் திட்டவில்லை. ஐந்து குஞ்சுகள் மிஞ்சின.

அந்த ஐந்தையும் அவர் வளர்த்ததுபோல் அந்தத் தெருவில் யாரும் கோழி வளர்த்ததில்லை. ஆற்று மணலைச் சலித்து வைத்தார். கொட்டகையில் மரநாய் நுழையாதபடி கம்பிவலை அடித்தார். முதலில் தாழ்வாக ஒரு கழி கட்டி, கால் தேறியதும் உயர்த்தினார். ரவை போய் உடைத்த சோளம் வந்தது, பிறகு முழுச்சோளம். தண்ணீர்த் தொட்டியை அவற்றின் முதுகு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டே வந்தார். பெட்டியில் இருந்தபோது ஒரு கை மணல் போடத் தெரியவில்லையே என்பது மட்டும் தினமும் அவரை அரித்தது.

இலையுதிர் காலத்தில் ஆறாம் மாதம் வந்தது. பூசைக்கு முந்தின நாள் காலை அவர் கத்தி தீட்டும்போது அக்லாயா வந்தாள்.

"அந்தச் செம்பட்டைக் கோழிய மட்டும் விட்டுடுங்க, அண்ணே. கொண்டை செவந்துடுச்சு, முதுகுல கை வச்சா பதுங்குது. இன்னைக்கோ நாளைக்கோ முட்டை வச்சிடும்."

"எல்லாம் விருந்துக்குன்னு சொன்னா."

"அவ சொன்னப்போ பெட்டி நிறைய இருந்துச்சு."

"மீதிய நான்தானே கொன்னேன்? இருக்கறதுலயும் ஒண்ணக் குறைக்கச் சொல்றியா?"

ஐந்தையும் அவரே அறுத்தார். அக்லாயா வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கி, முற்றத்து மேசையில் வைத்து வயிற்றைக் கிழித்தாள். செம்பட்டையின் வயிற்றுக்குள் கடுகளவில் தொடங்கி வரவரப் பெரிதாகி மஞ்சள் கருக்கள் கொத்தாக இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே ஒன்றுக்கு மெல்லிய வெள்ளைத் தோடுகூடக் கட்டியிருந்தது.

அவள் சட்டென்று அவற்றை ஒரு கிண்ணத்தில் அள்ளித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார்.

"அதையும் சூப்புல போடு," என்றார் தோதெர்.

"அண்ணே..."

"போடு. எல்லாம் அவளோடதுதான்." அவர் வாளியில் கையை விட்டு நீண்ட நேரம் கழுவினார். "நாளைக்கு அது யாரு தட்டுல விழுதுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத."