ஓடைக்கு அந்தப் பக்கம் தானமாக வந்த நிலம்

"அவங்களுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்" என்று சேரி மக்களைப் பற்றிப் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. யாரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள்? நான் கேட்டிருக்கிறேன். பதிலும் சொன்னார்கள். அதற்கு நேர்மாறாகத்தான் செய்தேன்.

எழுபதுகளின் நடுவில் பெரம்பலூரில் தனி தாசில்தாராக இருந்தேன். சேரிகளில் வீடில்லாதவர்களுக்கு அரசு மனை தேடிக் கொடுப்பது என் வேலை. குன்னம் பக்கத்து ஊர் ஒன்றில், சாலையோரம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய சரளை மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஓடைக்கு அந்தப் பக்கச் சேரியிலிருந்து கல் உடைக்கும் தொழிலாளி ஒருவர் கூடவே நடந்து வந்து பார்த்தார்.

"இதான் சார் வேணும். எம் பொண்ணு ஒண்ணாவது படிக்குது. மழைக்கு ஓடையில தண்ணி வந்துட்டா அதுக்குப் பள்ளிக்கூடம் கெடையாது. இங்க வூடு இருந்தா, மணி அடிச்சப்பறம் எழுந்திரிச்சு ஓடலாம்" என்று சிரித்தார்.

மேடு ஊரின் பெரிய நிலக்காரருடையது. நோட்டீஸ் போனதும் நாலு பேரோடு அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை.

"கோர்ட்டு கீர்ட்டுன்னு எதுக்குங்க? நானே நெலம் தரேன், காசு வாங்காம. ஓடைக்கு அந்தாண்ட என் கரிசக்காடு கெடக்கு. வேணுங்கிற மட்டும் எடுத்துக்குங்க."

"போட்டோ புடிச்சுப் பேப்பர்ல போடச் சொல்லுங்க சார், தர்மப் பிரபுவை" என்றார் கூட வந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோடையில் கரிசல் வெடித்தால் கை நுழையும். அதில் சுவர் நிற்காது. இது தெரியாமல் நான் கையெழுத்துப் போடவில்லை. மேட்டைக் கேட்டால் அவர் தடை உத்தரவு வாங்குவார், வருஷக்கணக்கில் இழுக்கும். தானமென்றால் அரசுக்குச் செலவில்லை, எனக்கு நல்ல பெயர். பட்டா வழங்கும் விழாவில் அவருக்கு மாலை போட்டு, வள்ளல் என்று பேசினேன். அவர் கொடுத்தது நிலமா? தூரத்தைக் கொடுத்தார். அரசாங்கம் அதைக் கைதட்டி வாங்கிக்கொண்டது.

காலனி எழுந்தது. இரண்டாம் கோடையிலேயே சுவர்கள் பிளந்தன. சரளை மேட்டை அவர் மனைகளாகப் பிரித்து விற்றார். எனக்கு ஒரு மூலை மனை, மலிவாக. மனைவி பெயரில் வாங்கினேன். வியாபாரம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அதன் பெயர் லஞ்சம்.

எண்பதுகளில் அரியலூருக்கு மாற்றலானபோது அந்த மனையை விற்க நினைத்தேன். அதே கல் உடைக்கிறவர் வீடு தேடி வந்தார். அதற்குள் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டுபவராகியிருந்தார்.

"முழுப் பணமும் கையில இருக்கு சார். அந்த மேட்டுல எங்களுக்கு ஒருத்தரும் விக்க மாட்டேங்கிறாங்க. நீங்க குடுப்பீங்கன்னு வந்தேன்."

அடுத்த வாரம் வரச் சொன்னேன். அதற்குள் நிலக்காரர் வந்துவிட்டார்.

"நீங்க வித்துட்டுப் போயிடுவீங்க. அந்தாளு வூடு கட்டுனா மிச்ச மனையை எவன் வாங்குவான்? வெலை படுத்துடும் சார்."

விலை, சந்தை என்று வந்துவிட்டால் சாதி கிடையாது என்பார்கள். அவர் காட்டிய ஆளுக்கு, லாரிக்காரர் தருவதாகச் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கு விற்றேன். என்ன சந்தை இது?

சொன்னபடி அவர் வந்தார். வாசலிலேயே நிறுத்தி, "வித்துப்போச்சுப்பா" என்றேன். யாருக்கு, எவ்வளவுக்கு என்று அவர் கேட்கவில்லை.

"பொண்ணு அஞ்சாவதோட நின்னுடுச்சு சார். சின்னவனுக்காகத்தான் கேட்டேன். சரி, அவனை ஆஸ்டல்ல சேத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு வயதுப் பையன் அப்பா அம்மாவை விட்டு அரசு விடுதிக்குப் போனான். அதுவும் சேரிப் பிள்ளைகளுக்கென்று ஊருக்கு வெளியே கட்டியதுதான். அதற்கும் இடம் பார்த்துக் கொடுத்தது என் அலுவலகம்தான்.