அடுக்களைக்காரிக்கு ஒரு சேலை

புதுச்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கொடுத்த பெரியவர், சாவியோடு இரண்டு சேதியும் கொடுத்தார். செத்துப்போன அவர் மனைவி இன்னும் அந்த வீட்டு அடுக்களையில்தான் இருக்கிறாராம், அது ஒன்று. அந்த அம்மாவை ஓட்டுவதற்கு யாரையாவது கூட்டிவந்தால் அன்றைக்கே காலி செய்துவிட வேண்டும், அது இன்னொன்று. சொல்லிவிட்டு, பின்பக்கம் தனக்காகக் கட்டிக்கொண்ட ஒற்றை அறைக்குப் போய்விட்டார்.

‘பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகணும்’ என்பார்கள். நான் வாக்கப்பட்டது ரிக் வண்டிக்காரருக்கு. போர்வெல் கிணறு போட வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். நானும் மகளும் வீடு வீடாக மாறி அலுத்திருந்தோம். இங்கே பள்ளிக்கூடம் பக்கம். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டதும் ஜாக்கெட் துணியோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இந்த வீட்டை விட எனக்கு மனசில்லை.

அந்த அம்மாவும் தொந்தரவு பண்ணவில்லை. மத்தியானம் அடுக்களையில் கொத்தமல்லி வறுக்கிற வாசம் வரும், அடுப்பு அணைந்திருக்கும். நான் கண்ட இடத்தில் போட்ட கரண்டி, கொக்கியில் தொங்கும். என்னைவிடச் சுத்தக்காரி. பகலில் தனியாக இருக்கும் எனக்கு ஒரு துணை மாதிரிதான் இருந்தது.

எங்கள் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். காப்பி குடித்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. வீட்டில் வேறு யாருமில்லை, நான் வாசலில் மெஷினில் இருக்கிறேன். பெண்ணென்றால் பேயும் இரங்குமாம் அத்தை, நம்மை என்ன செய்துவிடப் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். “பழமொழிய வெச்சுட்டு ஊட்டக் காலி பண்ணு. இல்லீன்னா பேயக் காலி பண்ணு” என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், என்னைக் கேட்காமலே, உடுக்கையோடு ஒரு பூசாரியைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “சொன்னேனுங்களே அம்மணி” என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார். சரி, மறுபடியும் சாமான் கட்ட வேண்டியதுதான் என்று மெஷினை மூடி வைத்தேன்.

பூசாரி உடுக்கையை எடுக்கும் முன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். போனது யார், எப்படிப் போனார்கள்? பெரியவர்தான் பதில் சொன்னார். காய்ச்சலில் போனாள், நான் இருக்கும்போதே போய்விட்டாள் என்றார். பூசாரி உடுக்கையைப் பைக்குள் வைத்துவிட்டார்.

“பூவும் பொட்டுமாப் போன மகராசியப் போயி ஓட்டச் சொல்றீங்களா? சேலை வெச்சுக் கும்புடுங்க. இத்தன வருசமா ஒருத்தரும் கும்புடாம உட்டதுக்கு, பாவம், அவிய பாத்திரந்தான கழுவறாங்க.”

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெண் பிள்ளை இல்லாத வீடு, எடுத்துச் செய்ய ஆளில்லை என்று அந்த எண்ணமே வராமல் இருந்துவிட்டாராம்.

அந்த வெள்ளிக்கிழமையே நாள் குறித்தோம். அரக்குச் சேலையைப் பெரியவரே ராசிபுரம் போய் எடுத்துவந்தார். படையலுக்கு அந்த அம்மாவுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். கச்சாயம், பருப்புப் போளி என்று பெரியவர் அடுக்கினார். ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கினார்.

“ஏனுங் மாமா, அக்காளுக்கு முட்டைப் பணியாரம்னா உசுருங்க. எங்கூட்ல வந்து திம்பாங்க.”

பெரியவர் வீட்டில் முட்டை ஓடுகூட உள்ளே வரக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படியும் ஒரு மனுசன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா ஊட்டையே கழுவி உட்டிருப்பீங்க மாமா.”

பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “சுட்டுக் கொண்டாங்க. ஆனா அடுப்பு உங்கூட்டு அடுப்பு” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருமே சிரித்துவிட்டார்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் ஒரு சங்கடம். படைத்த சேலையை அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கட்ட வேண்டும் என்பது முறை. எல்லாரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் தட்டோடு சேலையை எடுத்து, யோசிக்காமல் என் முன்னால் நீட்டினார்.

“கட்டிக்க சாமி. இந்த ஊட்டுல பொம்பள நீதான.”

நான் அத்தையைத்தான் பார்த்தேன். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். அவர் என்னை அறைக்குள் கூட்டிப்போய், தன் கையாலேயே கொசுவம் வைத்துச் செருகிவிட்டார். பணியாரத் துண்டு அவர் வாயோரம் ஒட்டியிருந்தது.

“வருசா வருசம் செய்யோணுமாக்கும், பாதியில உடக் கூடாது” என்றார். “தையி பொறந்தா நானும் இங்கயே குடி வந்துர்றேன். அடுத்த வருசத்துச் சேலை நம்ம செலவு.”