முதுகுப்பையில் வரும் மாதா

நான் வாழும் இந்த ஆஸ்திரிய மலையூரில் மாதா முதுகுப்பையில் வருவார். மரத்தில் செதுக்கிய, ஒரு முழ உயரமுள்ள, நிறைமாத மாதா. திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து கிறிஸ்துமஸ் வரை தினம் ஒரு வீட்டில் தங்குவார். யார் வீட்டில் எந்த நாள் என்று கோயில் வாசலில் பட்டியல் ஒட்டியிருக்கும். பெத்லகேமில் இடம் கிடைக்காத பெண்ணுக்கு இவர்கள் தங்கள் ஊரில் இடம் கொடுக்கிறார்களாம். இதற்கு 'ஃப்ராவன்ட்ராகன்' என்று பெயர். அம்மாளைச் சுமந்து போவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பட்டியலில் என் பெயரை நானே எழுதிவிட்டு வந்தேன். பக்தி முற்றிப்போய் எழுதினேன் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை சூப்பர்வைசராக இருந்த என் கணவருக்கு இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான்கு வருடத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர்கூட எங்கள் வீட்டு மிதியடியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. எல்லோரும் நல்லவர்கள். தெருவில் பார்த்தால் சிரிப்பார்கள், வணக்கம் சொல்வார்கள், நாய் எப்படித் தூங்கியது என்பதுவரை சொல்வார்கள். வீட்டுக்கு வாருங்கள் என்றால் மட்டும் டைரியை எடுத்து அடுத்த மாதத்தைப் புரட்டுவார்கள். மாதாவைக் காட்டியாவது நாலு பேரை உள்ளே இழுத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

கொண்டைக்கடலைச் சுண்டலும் உளுந்து வடையும் செய்தேன். எத்தனை பேருக்கு என்று கணவர் கேட்டார். முப்பது என்றேன். அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். சரியாக ஆறு மணிக்கு அழைப்புமணி அடித்தது. முந்தைய நாள் மாதாவைத் தங்க வைத்திருந்த ஃப்ராவ் ஹூபர் என்ற அம்மையார் தனியாக நின்றுகொண்டிருந்தார். முதுகுப்பையைக் கழற்றி, "பிட்டே", இந்தாருங்கள் என்று என் கையில் கொடுத்தார். உள்ளே வாருங்கள் என்றேன். ஷூ ஈரமாக இருக்கிறது என்றார். பரவாயில்லை என்றேன். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றார். எங்கள் ஊரில் இதற்கு, இன்னும் இரண்டு தடவை கூப்பிடு, வருகிறேன் என்று அர்த்தம். நான் இரண்டாம் தடவை கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அவர் கார் கிளம்பிவிட்டது. முப்பது பேருக்கான சுண்டலோடு நானும் மாதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சென்னையில், எங்கள் சிட்லபாக்கத்தில் மாதா இப்படியா வருவார்? அக்டோபர், செபமாலை மாதம். எங்கள் ஐந்தாறு தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம் உண்டு. தினமும் மாலை ஒரு வீடு. கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம், அதற்கு மல்லிகைச் சரம், மேலே கோயிலிலிருந்து கொண்டுவந்த ஜரிகைக் குடை, பின்னால் நாற்பது பேர், அவர்களுக்கு நடுவில் நாய்க்கும் வழிவிடாமல் பாடும் ஒரு ஸ்பீக்கர். தண்ணி லாரிக்காரன் ஹார்ன் அடித்தால்கூட மன்றாட்டு மாலையில் ஒரு வரி குறையாது. பள்ளம் நிறைய மழைத்தண்ணி நின்றால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நடப்பார்கள்.

எனக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது. மாதா எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் கரெக்டாக எனக்குத் தலைவலி வரும். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணி செபத்தில் முப்பதாவது மணிக்கு மேல் நான் விழித்திருந்ததாகச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் அம்மா கஞ்சி மட்டும் குடித்துவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் போக, நான் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு பம்மலில் தோழி வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். ஆண்டவர் மன்னித்திருப்பார். அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. இதை யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு.

ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. அது மட்டும் எனக்குள் பதிந்துபோயிருந்தது. தங்க வைத்த வீட்டுக்காரர் மாதாவைக் கொண்டுபோய் விடக் கூடாது. மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்காரர்கள் கூட்டத்தோடு வந்து, வழியனுப்பும் செபம் சொல்லி, அழைத்துப் போவார்கள். நாமாகவே தூக்கிக்கொண்டு போனால், வந்த விருந்தாளியைப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வந்த மாதிரி.

ஆகவே இந்த மலையூரிலும் நான் காத்திருந்தேன். மறுநாள் மாலை புதிதாகச் சுண்டல். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் பட்டாணிச் சுண்டல். அதற்கும் வரவில்லை. நான்காம் நாள் மறுபடியும் கொண்டைக்கடலையும் வடையும். பக்கத்து வீட்டைக்கூடக் கூப்பிடத் தெரியாத ஊர், மாதாவை மறந்ததில் என்ன ஆச்சரியம் என்று கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. கணவருக்கு அந்த வாரம் முழுக்க மாலை ஷிப்ட்; உட்கார்ந்து பேச ஆளில்லாததால் செபமாலையை எடுத்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக, கடிகாரத்தைப் பார்க்காமல் ஐம்பத்துமூன்று மணியையும் முடித்தேன். அம்மா இருபது வருடம் திட்டியும் நடக்காததை மூன்று நாள் தனிமை நடத்திவிட்டது.

அன்று ஆறரை மணிக்கு மணி அடித்தது. வாசலில் ஐந்து பேர். ஃப்ராவ் ஹூபர், பங்குத் தந்தை, ஒரு தம்பதி, எனக்கு அடுத்த முறைக்காரரான எண்பது வயது ஹெர் லைட்னர். மனைவி இறந்துபோன பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பவர். மாதா இருக்கிறாரா என்று பங்குத் தந்தை கேட்டார். ஒருவழியாக அழைத்துப்போக வந்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளேதான் இருக்கிறார், வாருங்கள் வாருங்கள் என்றேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வந்தவர்கள், ஈர ஷூவையெல்லாம் கழற்றிவிட்டு மடமடவென்று உள்ளே வந்தார்கள். உட்கார வைத்துக் கையில் தட்டைக் கொடுத்த பிறகுதான் ஹெர் லைட்னர் மெதுவாகச் சொன்னார்.

"மூன்று நாளாக மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தேன். நீங்கள் வரவில்லை."

"நானும் மூன்று நாளாகச் சுண்டல் அவித்து வைத்திருந்தேன். நீங்களும் வரவில்லை."

இங்கே மாதாவை வைத்திருப்பவர்தான் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன் செய்து கேட்டிருக்கலாமே என்றால், அது தொந்தரவாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பத்து நிமிட நடை. அதைக் கடக்க மூன்று நாளும் ஒரு பாதிரியாரும் தேவைப்பட்டது. அன்று அவர்கள் மொழியில் பாதி, தமிழில் பாதி என்று செபமாலை சொன்னோம். ஹெர் லைட்னர் நான்கு வடை சாப்பிட்டார். எங்கள் ஊரில் மாதாவை எப்படி அழைத்துப் போவோம் என்று கேட்டார். குடையைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். ஆனால் அந்த மூன்று மெழுகுவர்த்தி என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு மாதாவோடு அடுத்த வீட்டு வாசலில் நிற்பேன். என்னைவிடக் கறாரான ஆஸ்திரியப் பெண்மணி இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

இந்தக் கறாரைத்தான் போன அக்டோபரில் சிட்லபாக்கத்துக்குக் கட்டி எடுத்துப் போனேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். கோயிலுக்குப் போக முடியாமல் போனில் பூசை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஆசை. மாதா நம் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் புறப்படும்போது கேட் வரைக்குமாவது பின்னால் நடக்க வேண்டும். அதற்காக வாக்கரைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரமாக ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்து பழகினார். பிசியோதெரபி பெண், இவ்வளவு ஆர்வமான நோயாளியைப் பார்த்ததில்லை என்று புகழ்ந்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மாதா வந்தார். புதன்கிழமை பிற்பகலிலிருந்து ஊற்று ஊற்றென்று மழை. அடுத்த முறை நாலு தெரு தள்ளி, செலின் டீச்சர் வீடு. அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்தரை ஆகியும் ஒருவரும் வரவில்லை. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வந்தாலும் அம்மாவைச் சேற்றில் நடக்க விட்டு, வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? அங்கே செலின் டீச்சர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாதாவைப் பெட்டியோடு டர்க்கி டவலில் சுற்றி, ஆட்டோ பிடித்து, ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன்.

டீச்சர் மெழுகுவர்த்தி ஒன்றும் ஏற்றவில்லை. நைட்டியோடு ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னையும் டவலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அமலி, மாதாவை பார்சல் மாதிரி கொண்டு வந்திருக்க? ஸ்டெல்லாவும் எங்க வீட்டுக்காரரும் எல்லாரையும் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்க."

அதற்குள் என் போன் அடித்தது. அன்பியப் பொறுப்பாளர் ஸ்டெல்லா அக்கா. அவர் திட்டவில்லை. நாற்பது பேர் குடையோடு வாசலில் நிற்பதாகவும், அம்மா பட்டுப்புடவை கட்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலி மேசைக்கு முன்னால் நிற்பதாகவும் மட்டும் சொன்னார். பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. போனை வாங்கிக்கொண்டார்.

"மழைம்மா, வழுக்கும்னுதான்..."

"மூணு வாரமா நான் நடந்து பழகுனது யாருக்குடி, டாக்டருக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிநாட்டில் வாழ்ந்து வந்தவள் என்ற பவிசில், அம்மாவின் மூன்று வாரத்தை ஐந்து நிமிட ஆட்டோவில் தீர்த்துவிட்டேன். மாதாவை மறுபடியும் டவலில் சுற்றினேன். அதே ஆட்டோக்காரர் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, இப்பத்தான இட்டாந்து வுட்டேன்? அதுக்குள்ள மாதா திரும்பிப் போறாங்க. எதனா மறந்து வச்சிட்டு வந்துட்டாங்களா?"

"ஆமாண்ணா. எங்கம்மாவை."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மாதாவை மேசையில் வைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வழியனுப்பும் செபத்தைத் தொடங்கினார் ஸ்டெல்லா அக்கா. எங்கள் ஊர் ஆட்களுக்கு இந்த ஒரு திறமை உண்டு. அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கேட் வந்ததும் நிற்பார் என்று நினைத்தேன், நிற்கவில்லை. வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து, கணுக்கால் மழைத்தண்ணியில், தெருமுனை வரைக்கும் போனார். கூட்டம் அவர் வேகத்துக்கு நடந்தது. பாட்டையும் அவருக்காக இழுத்துப் பாடினார்கள். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, ஊருக்கு எதிரில் அழுதுகொண்டே போனேன். முனையில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அப்போதுதான் அம்மா என்னிடம் பேசினார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாத. அடுத்த வருஷம் நீ இல்லன்னாலும் இவங்க வருவாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இப்போது மறுபடியும் திருவருகைக் காலம். இந்த வருடமும் எனக்கு அடுத்து ஹெர் லைட்னர். நேற்று மாதா எங்கள் வீட்டில் இருந்தார். இன்று ஐந்தே முக்காலுக்கு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பாலத்தின் பாதியில், எதிரே ஒரு கறுப்புக் குடை தட்டுத் தடுமாறி வந்தது. குடைக்குக் கீழே ஹெர் லைட்னர். இந்தப் பனியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மாதாவை அழைத்துப்போக வந்தேன். உங்கள் ஊரில் அப்படித்தானே?"

நானே கொண்டுவந்து கொடுக்கத்தான் கிளம்பினேன், உங்கள் ஊரில் அப்படித்தானே என்றேன். அவர் சற்று யோசித்தார். பிறகு தன் தலைக்கு மேலிருந்த குடையை எடுத்து என் முதுகுப்பைக்கு மேல் பிடித்தார். அவருடைய தொப்பியில் பனி விழுந்தது. என் வீடு பின்னால், அவர் வீடு முன்னால். மாதா எந்த வீட்டிலிருந்து புறப்பட வேண்டும், நான் கூடப் போக வேண்டுமா, கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டுமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கோயில் மணி ஆறு அடித்தது. நாங்கள் இன்னும் பாலத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.