கறுத்த காசு நாற்பத்தேழு

1959 ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. காற்று அடியோடு விழுந்திருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அக்காள்மடத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, இரண்டு மாதத்துக்கு முன் இறந்துபோன என் தாயாரின் சுருக்குப்பையைக் கொட்டினேன். வெள்ளி ரூபாய்கள், நாற்பத்தேழு.

அவை எனக்கும், கமுதிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கைக்கும் உரியவை. யாருக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மகளுக்குக் கொலுசு செய்யத் தன் பங்கை வாங்கிப்போக அன்று பதினொன்றரை ரயிலில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தாள்.

காசுகள் கறுத்திருந்தன. கழுவுவதா, அப்படியே விடுவதா என்று ஒன்பது நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. ராமநாதபுரத்து ஆசாரி ஒருவர் காசுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் என்றும், கறுப்பாக இருந்தால் காசுக்கு ஆறு நயா பைசா கழிவு என்றும் சொல்லியிருந்தார். மொத்தக் கழிவு இரண்டு ரூபாய் எண்பத்திரண்டு. விட மனமில்லை. ஆனால் தேய்த்தால் வெள்ளியும் சேர்ந்து போகாதா? ஒரு காசை மருந்துக்கடைத் தராசில் நிறுத்து, விளக்கி, மறுபடி நிறுத்தேன். முள் அசையவில்லை. அப்போதும் துணிவு வரவில்லை.

"கழுவுறதுன்னா கழுவுங்க, இல்லாட்டிப் பையில போடுங்க. இந்தக் காசப் பாத்துப் பாத்து நீங்கதான் கறுத்துப் போனீக" என்றாள் மனைவி.

கழுவினேன். அதற்கு முன் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ராணி தலை பத்தொன்பது, ராஜா தலை இருபத்தெட்டு, ஒவ்வொன்றின் வருஷம், விளிம்பு நசுங்கியவை நான்கு. புளி எட்டு நயா பைசா. எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூக்கும் என்பதால் நல்ல தண்ணீர் ஒரு குடம், நான்கு நயா பைசா. நாற்பத்து நான்கு காசு விளக்கி முடிந்தபோது புளி தீர்ந்தது. மூன்று மிச்சம்.

ரயில் அன்று பார்த்து நேரத்துக்கு வந்திருந்தது. தங்கை உள்ளே வந்தவள் தட்டில் பளபளத்த காசுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது?"

"வெளக்கி வச்சிருக்கேன். ஆசாரி கழிக்க மாட்டான்."

"நல்லா வெளக்குனீக போங்க. இனி எது ஒங்களுது, எது எனதுன்னு எப்பிடிப் பிரிக்க?"

"ஒனக்கு எத்தனைன்னு நீ எண்ணி வைக்கலையா?"

"நா எங்க எண்ணுனேன்? கெடச்சப்பல்லாம் ஆத்தாகிட்டக் குடுத்தேன். ஒங்களுத நெல்லுக் குலுக்கையில போட்டு வச்சிருந்தாக, எனதப் பெருங்காய டப்பாவுல. காயத்துல கெடந்தா வெள்ளி கருநீலமாப் போகும். ஒங்க வீட்டுக்கு வாரப்ப ரெண்டையும் ஒரே பையில கொட்டிட்டாக, நெறத்தப் பாத்துப் பிரிச்சுக்கங்கன்னு எங்கிட்டச் சொன்னாக."

தாயார் என்னிடம் அதைச் சொல்லவில்லை. தங்கை சாக்கில் கிடந்த மூன்றையும் எடுத்தாள். இரண்டு, மை கொட்டியதுபோல் கருநீலம். ஒன்று வெறும் பழுப்பு.

"இந்தா, இது ரெண்டும் எனது. இது ஒங்களுது." பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க எண்ணாத பொருளும் ஒண்ணு இருக்காண்ணே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக் காட்டினேன். தலை, வருஷம், விளிம்பு எல்லாம் இருந்தன. நிறம் இல்லை. எனக்கு அது அழுக்கு. அழுக்கை யார் குறித்து வைப்பார்கள்? அதை அவளிடம் சொன்னால் நம்புவாளா என்று தெரியவில்லை.

"நாப்பத்தி நாலையும் பாதி பாதியா வச்சுக்குவோம், தங்கச்சி."

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே."

முப்பத்து நான்கு வருஷமாக நான் சொன்ன எதையும் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்டவள் இல்லை அவள். மதியம் சாப்பாட்டில் மீனுக்கு உப்பு குறைவு என்றுகூடச் சொல்லவில்லை. இருபத்து நான்கு காசை முந்தானையில் முடிந்துகொண்டு, மதினியிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்.

நானும் ஸ்டேஷன்வரை போனேன். நாலு மணி பத்து நிமிஷ ரயில் வந்து, அவள் ஏறி உட்கார்ந்ததும், சட்டைப்பையில் கொண்டுபோன சுருக்குப்பையை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தேன். உள்ளே மற்ற இருபத்திரண்டு.

"இது எதுக்கு?"

"கொலுசு கனமா இருக்கட்டும்."

"இம்புட்டையும் கால்ல மாட்டுனா அவ நடக்கணுமா வேணாமா?" ரயில் நின்ற இரண்டு நிமிஷமும் ஜன்னலில் தலையை நீட்டி என்னைத் திட்டினாள். பெட்டி நகர்ந்தபோது, "கழுவுன கூலியையும் எங்கிட்டக் கேட்டுராதீக!" என்று கத்தினாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பழுப்புக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது, விளக்காமல். நாற்பத்து நான்கில் என்னுடையவை எத்தனை என்று கண்டுபிடிக்க வழியில்லாததால், முழுவதையும் என் பெயரில் செலவு எழுதினேன். காசுக்கு ஒன்றே முக்கால் வீதம், புளியும் தண்ணீரும் சேர்த்து எழுபத்தேழு ரூபாய் பன்னிரண்டு நயா பைசா.