சிஞ்ஞோரா தந்த கறுப்பு மேலங்கி

இத்தாலியின் பலேர்மோ நகரில் நம் தமிழர் பலர் அணியும் குளிர்கால மேலங்கிகள், வேலை செய்யும் வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராக்கள் கொடுத்தவை. அநேகமாக எல்லாமே கறுப்பு. அம்மாவினதும் என்னுடையதும் அவ்வாறே.

கடந்த நவம்பரில் ஒருநாள், புத்தகங்கள் நனையாதிருக்க வெள்ளைப் பொலித்தீன் பையில் இட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரேத்தோப் பகுதியிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மாலை ஐந்தரைக்கே இருட்டியிருந்தது. மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் எனக்குத் தெரிந்ததால், நானும் ஓட்டுபவருக்குத் தெரிவேன் என்று எண்ணி வீதியில் இறங்கினேன். அது என்னை உரசுவதுபோல வந்து வழுக்கி விழுந்தது.

ஓட்டியவரும் தமிழர். முழங்காலில் இரத்தம் வழிய, "தங்கச்சி, உமக்கு ஒண்டுமில்லையே?" என்று அவரே முதலில் கேட்டார்.

"இல்லை அண்ணை. என்னைக் காணேல்லையோ?"

"காகம் மாதிரி வந்தால் எப்பிடிக் காணுறது? உம்மடை வெள்ளைப் பையைக் கண்டுதான் பிரேக் அடிச்சனான்."

காயத்தைக் கழுவிக் கட்டுப்போட உதவி, வீடு சேர்ந்தபின்தான் நினைத்தேன்: அம்மா அதே வீதியால், அதே கறுப்பில், இனித்தான் வரவேண்டும். வெள்ளைப் பையை எடுத்துக்கொண்டு அம்மாவை எதிர்கொள்ளத் திரும்பி ஓடினேன்.

இப்போது வாகனம் நின்ற பின்னரே வீதியில் இறங்குகிறேன். இரண்டு மேலங்கிகளின் கைகளிலும் வெள்ளைத் துணிப்பட்டி தைத்திருக்கிறேன். மாலையில் ஜன்னலருகே நின்றால், வேலை முடிந்து வரும் அம்மாவின் முகத்துக்கு முன்பே அந்தப் பட்டிகள் தெரிகின்றன.