ரொட்டிக்கடைக்காரரின் இரண்டு நொடி

எங்கள் அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது தொழில். கடை அவளுடையது. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிற வேலை என்னுடையது. அக்காவைப் பற்றிக் கேட்டால் ஊரில் முதலில் அவளுடைய கைராசியைச் சொல்வார்கள், அடுத்து அவளுடைய வாயைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. நம்பர் ஏறியிருக்கிறதா என்று பயந்துகொண்டே கேட்பவரிடம், உங்களுக்கு வயசுதான் ஏறியிருக்கு, அதைக் குறைக்க என்னிடம் லென்ஸ் இல்லை என்பாள். கேட்டவரும் சிரித்துக்கொண்டே பணம் கட்டிவிட்டுப் போவார். அந்த வாயைப் பற்றி எனக்கும் ரொம்ப நாள் பெருமைதான்.

இருபது வருடமாக அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. சூரியனைச் சுற்றி ஆயிரக்கணக்கான பாறைகள் அலைகின்றன, சிறுகோள் என்பார்கள். அதில் ஒன்று எப்போதாவது ஏதோ ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடந்துபோகும். பாறை நம் கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் மட்டும் இரண்டு நொடியோ மூன்று நொடியோ அணைந்துவிட்டு மறுபடி எரியும். அந்த நேரத்தில் பாறையின் நிழல் தரைமேல் ஒரு பட்டையாக ஓடுகிறது. பட்டைக்குக் குறுக்கே ஆளுக்கு ஓரிடத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, எனக்கு இந்த நொடியில் அணைந்தது, இந்த நொடியில் எரிந்தது என்று குறித்தால் ஆளுக்கு ஒரு கோடு கிடைக்கும். கோடுகளை அடுக்கினால் பாறையின் உருவம் வந்துவிடும். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஒன்னு காணாம போறதப் பாக்க இவ்வளவு பேரு கிளம்புறாங்க."

எங்கள் குழுவில் பதினோரு பேர். பக்கத்து ஊரில் இருக்கிற, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்தான் தலைவர். எல்லாருடைய குறிப்பையும் வாங்கிச் சரிபார்த்துப் படம் போடுவது அவர் வேலை. இதில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் புரிய நாளாகும். அணையவில்லை என்பதும் ஒரு தகவல்தான். ஒருவர் 'இல்லை' என்று எழுதினால் அந்த இடம்வரை பாறை வரவில்லை என்று அர்த்தம், வாத்தியார் படத்தின் விளிம்பை அங்கே நிறுத்திவிடுவார். ஆகவே 'இல்லை' என்று எழுதுகிறவர் சரியான நட்சத்திரத்தைத்தான் பார்த்தார் என்கிற நம்பிக்கை வேண்டும். அக்காவின் 'இல்லை'யை இருபது வருடத்தில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

கடைசியாகச் சேர்ந்தவர் ரொட்டிக்கடைக்காரர். எங்கள் கடைக்கு நாலு தெரு தள்ளி அவர் கடை. விடியுமுன் அடுப்பு மூட்டுகிற ஆள், அந்த நேரத்தில் மேலே பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்றார். யாரோ வைத்திருந்து கைமாறிய சின்னத் தொலைநோக்கி, அதன் ஒரு காலில் கயிறு சுற்றியிருக்கும். கேமரா கிடையாது. கண்ணால் பார்ப்பார். பக்கத்தில் நொடிக்கு ஒரு 'டிக்' ஒலிக்கிற மணிக்குறி, கைபேசியில் பதிவு, அணைந்ததும் "போச்சு", எரிந்ததும் "வந்துருச்சு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

அவர் சேர்ந்த பிறகு ஒரு நாள் நிகழ்வு விடியற்காலை நாலு ஐம்பதுக்கு. மூன்று இடத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது. வாத்தியார் தெற்கே, தன் வீட்டில். ரொட்டிக்கடைக்காரர் வடக்கே, எங்கள் ஊரில், தன் கடை மொட்டைமாடியில். அக்காவும் நானும் வண்டியில் எட்டு கிலோமீட்டர் போய், மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் வாசலில் இறங்கினோம். இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள்.

நட்சத்திரம் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே இருந்தது. குழாயை அப்படி நிமிர்த்தினால் பின்னால் இருக்கிற கேமரா தாங்கியில் இடிக்கும். அதனால் அக்கா, வெளிச்சத்தை மடக்கிப் பக்கவாட்டில் திருப்புகிற சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை இடையில் சொருகி, அதில் கேமராவை மாட்டினாள். வழக்கமாக அவள் அதைத் தொடவே மாட்டாள். வரைபடத்தைப் பார்த்தாள், பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்தாள், அதற்குப் பக்கத்தில் மங்கலான ஒன்றைக் காட்டி இதுதான் என்றாள். நாலு ஐம்பது வந்தது, போனது. நட்சத்திரம் இமைக்கக்கூட இல்லை. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டோம்.

அந்த மாதக் கூட்டம் வாத்தியார் வீட்டுக் கூடத்தில். வாத்தியாருக்கு மூன்று நொடி அணைந்திருந்தது. ரொட்டிக்கடைக்காரர் தனக்கு இரண்டு நொடி அணைந்தது என்றார். அவர் பார்த்த முதல் மறைப்பு அது. மேலே போயிருந்ததில் ஒரு தட்டு ரொட்டி முழுக்கக் கருகிவிட்டதாம், அதைக்கூடச் சந்தோஷமாகச் சொன்னார். வாத்தியார் தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தெற்கே இருக்கிறது, வடக்கே இருக்கிறது, நடுவில் இல்லை என்றால் ஒரு பாறை எப்படி அப்படி இருக்க முடியும்? யாராவது ஒருவர் தவறு. அது யார் என்று அங்கே யாரும் யோசிக்கக்கூட இல்லை.

"மாவு கண்ல விழுந்திருக்கும் அண்ணா," என்றாள் அக்கா. "தொடச்சிட்டுப் பாத்திருக்கணும்."

கூடமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். ரொட்டிக்கடைக்காரரும் சிரித்தார், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் அவருடைய வரிக்குப் பக்கத்தில் 'சந்தேகம்' என்று எழுதினார். என் வாய் சும்மா இருக்குமா? கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். ஒரே மாதத்தில் அவருக்கு 'மாவுக்கண்' என்று பேர் விழுந்துவிட்டது. ரொட்டி வாங்கப் போகிறவர்களே அப்படித்தான் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. கடையில் வேலை அதிகமாக இருக்கும் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

எட்டு மாதம் போயிற்று. புதியவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரிப் பதிவு வேண்டும் என்று வாத்தியார் கேட்டார். 'இல்லை' என்பதை ஒழுங்காக எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு அக்காவின் அந்தப் பதிவே போதும் என்றார். மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அக்கா கணினியில் அதை ஓடவிட்டு, பக்கத்தில் வரைபடத்தை வைத்தாள். இரண்டாம் முறையும் ஓடவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். வரைபடத்தில் பிரகாசமான நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் மங்கலாக ஒன்று, வலப்பக்கம் அதே தூரத்தில் அதே மாதிரி மங்கலாக இன்னொன்று. அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சொருகியதால் படம் இடம் வலமாக மாறியிருந்தது. வரைபடத்தை மாற்றிப் பிடிக்க மறந்துவிட்டாள். நாங்கள் இரண்டு நிமிடம் பார்த்தது வேறு நட்சத்திரம். எங்களுடையது கேமராவின் விளிம்புக்கு வெளியே எங்கேயோ அணைந்து எரிந்திருக்கிறது.

வேறு யாராவது இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். எங்கள் பரிசோதனை அறை சின்னது. அதனால் எழுத்துகளை இடம் வலமாக அச்சடித்த அட்டையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிரே இருக்கிற கண்ணாடியில் அதைப் படிக்கச் சொல்லித்தான் கண் பார்க்கிறோம். தினம் இருபது பேருக்கு இதை விளக்கிச் சொல்கிறவள் அவள். அன்று அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காது வரை சிவந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான்தான், யாருக்கும் தெரியப்போவதில்லை, வேறு பதிவை அனுப்பிவிடு, இதை விடு என்றேன். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு பதிவு வாத்தியாருக்குப் போயிற்று. ரொட்டி வாங்க நாங்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தோம். இருபது வருடத்துப் பேரை ஒரு நாளில் கொட்டிக் கவிழ்க்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, அந்தப் பேரில் நானும்தானே குளிர்காய்ந்தேன்.

பதினோராம் நாள் ரொட்டிக்கடைக்காரரே எங்கள் கடைக்கு வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, தலை சீவி வந்திருந்தார். கண் பரிசோதிக்க வேண்டுமாம். அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் பின்னறைக் கதவோரம் நின்றேன். அவர் இடக்கண்ணை மூடிப் படித்தார், வலக்கண்ணை மூடிப் படித்தார். பத்தில் ஒருவர்தான் படிக்கிற கடைசி வரியைத் தட்டாமல் படித்தார். அக்கா விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள்ளே பார்த்தாள். இந்தக் கண்ணிலும் பார்த்தாள், அந்தக் கண்ணிலும் பார்த்தாள், மறுபடி முதல் கண்ணுக்கு வந்தாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"கண்ணு நல்லா இருக்கு அண்ணா. ஒரு குறையும் இல்ல."

"அப்ப அன்னிக்கு ஏன் மேடம் இல்லாதது தெரிஞ்சுது?"

அக்கா சீட்டில் எதையோ எழுதினாள். தலையை நிமிர்த்தாமலே, "தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்," என்றாள்.

அவர் தலையாட்டினார். மனதில் ஒரு பயம் இருந்ததாகவும் இப்போது நிம்மதி என்றும் சொல்லி, இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் கையில் யாருடைய ஃபிரேமோ இருந்தது, அதன் காலை ஒடித்துவிட்டிருந்தேன்.

அக்கா கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"அவர் கண்ணுல எதாவது குறை இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டா," என்றாள். "லைட்ட வச்சுப் பாக்கும்போது. சின்னதா ஒன்னு இருந்தாக்கூடப் போதும், நான் தப்பிச்சிருவேன்னு நெனச்சேன். முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன். ஒருத்தருக்குக்கூட அப்படி வேண்டினதில்ல."

அவள் அழுதிருந்தாலாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். அழவில்லை. எழுந்துபோய் வாத்தியாருக்குப் போன் செய்து, ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணாடிப் பெட்டி, வேறு நட்சத்திரம், பதினோரு நாள், இன்றைக்குச் சொன்ன பொய், எல்லாவற்றையும். அக்காவின் 'இல்லை'யை எடுத்துவிடுகிறேன் என்றார் வாத்தியார். ரொட்டிக்கடைக்காரருடையதைத் தானாகத் திருப்பிச் சேர்க்க முடியாது என்றார். காரணம், கூட்டம் நடந்த மறுவாரமே அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் பார்த்தது தவறு, என் வரியை நீக்கிவிடுங்கள் என்று. எங்களுக்கு அது தெரியாது. பார்த்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லி அந்தக் கைபேசிப் பதிவையும் அனுப்பட்டும், அன்றைக்கே சேர்த்துவிடுகிறேன் என்றார் வாத்தியார்.

அவர் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்றேன். "சிரிக்கும்போது கூட்டம் இருந்துச்சுல்ல," என்றாள் அக்கா. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனோம். வாசல்வரை வரிசை. நாங்களும் நின்றோம். எங்கள் முறை வந்தபோது அவர் வழக்கம்போல் சிரித்தபடி தாளை எடுத்தார், ரொட்டி கட்டுவதற்கு.

அக்கா ரொட்டி கேட்கவில்லை. அங்கேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நீங்கள் பார்த்தது சரி, நான்தான் வேறு நட்சத்திரத்தைப் பார்த்தேன், தெரியாமல் உங்களைக் கேலி செய்தேன், உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, என் தலைக்குத்தான் திமிர் ஏறியிருந்தது என்றாள். அவள் குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. 'மாவுக்கண்' என்ற பேரைப் பரப்பியது நான்தான் என்று நானும் முனகினேன்.

அவர் தாளை மடித்து வைத்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"பன்னெண்டு நாள் ஆச்சு."

"அப்ப நேத்து நான் நாற்காலில உக்காந்து கேட்டப்போ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நேற்று ராத்திரிதான் தெரிந்தது என்று நாளை ஒன்று தள்ளிச் சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தெரியப்போவதில்லை. சொல்லிவிட மாட்டாளா என்று நானே ஒரு கணம் ஏங்கினேன்.

"தெரியும்," என்றாள் அக்கா.

அவர் மடித்த தாளை விரலால் நீவினார். கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா அவசர அவசரமாக வாத்தியார் சொன்னதைச் சொன்னாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பதிவை அனுப்பினால் போதும், இன்றைக்கே உங்கள் இரண்டு நொடி சேர்ந்துவிடும் என்றாள்.

"அழிச்சிட்டேன்," என்றார். "போச்சு, வந்துருச்சுன்னு என் குரல நானே கேக்க வெக்கமா இருந்துச்சு. அன்னிக்கே அழிச்சிட்டேன்."

"பரவால்ல அண்ணா, வாயால சொல்லுங்க. நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் எட்டு மாசமா, பாக்கல, பாக்கலன்னு நானே எனக்குச் சொல்லிப் பழகிட்டேன். இப்ப கண்ண மூடிப் பாத்தா நட்சத்திரம் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு." தாளை மறுபடி பிரித்து வைத்தார். "நீங்க பாக்கலன்னு நீங்க சொல்றீங்க, சரி. நான் பாத்தேனான்னு இனிமே யாரக் கேக்குறது மேடம்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற அக்கா, கல்லாவைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் இருந்தவர் கொஞ்சம் வழி விடுங்கள் என்றார். விட்டோம்.