புதன்கிழமை வந்த ஆயுத பூஜை

இந்த ஊரில் மனிதர்கள் கருவிகளைக் காலால் நகர்த்துகிறார்கள். தரையில் ஸ்பேனர் கிடந்தால் குனிந்து எடுப்பதில்லை. பூட்ஸ் முனையால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். கனடாவின் வின்ட்சர் நகரத்தில், பிளாஸ்டிக் அச்சுகள் செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்து நான்கு ஆண்டுகள் தரப் பரிசோதகனாக வேலை பார்த்தேன். வந்த முதல் வாரமே எண்ணிப் பார்த்தேன். ஒரு ஷிஃப்ட்டில் நாற்பத்தொரு முறை. ஒவ்வொரு முறையும் என் வலது கை தானாக எழுந்து கண்ணைத் தொட்டது. மிதித்தவர்கள் அவர்கள், ஒற்றிக்கொண்டவன் நான். இரண்டாவது வாரம் மேற்பார்வையாளர் என்னைத் தனியே அழைத்து, கண்ணில் இரும்புத்தூள் விழுந்திருந்தால் மறைக்க வேண்டாம் என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். மருத்துவர் இரண்டு கண்களையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் விளக்கவில்லை. எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

நம் ஊரில் இருப்பவர்களுக்கு எங்கிருந்தும் தொடங்க வேண்டியதில்லை. பொன்னேரியில் ரயிலேறினால் நடுவில் கவரப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. கனடா வருவதற்கு முன் அங்கே ஷாஃப்ட் என்ற இரும்புச் சுழல்தண்டு செய்யும் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டுகள் இதே பரிசோதகர் வேலையில் இருந்தேன். வருடத்தில் ஒரே ஒரு நாள் கேட்டைத் தாண்டிக் குடும்பத்தினர் உள்ளே வரலாம். அது ஆயுத பூஜை. லேத் ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்று, வண்ணக் காகிதம், சந்தனம், குங்குமம். என் மேசைமேல், மயிரிழைக் கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டர் அதன் பெட்டிக்குள் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கல்யாணமான வருடம் என் மனைவி லோகா உள்ளே வந்தாள். கடம்பத்தூர்ப் பெண். அதற்கு முன் தொழிற்சாலையை அவள் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். எங்கள் ஃபோர்மேன் சூசை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், பொரி வாங்க முதல் வரிசையில் நிற்பவரும் அவரே. அவளைப் பார்த்து, “தங்கச்சி, நல்லா பாத்துக்கோ. உங்க ஊட்டுக்காரு கையெழுத்துப் போடலன்னா எம்மாம் பெரிய ஆளு சொன்னாலும் ஒரு ஷாஃப்ட் இந்த கேட்டத் தாண்டாது” என்றார். லோகா மைக்ரோமீட்டர் பெட்டியிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கணக்கில் நான் யார் என்பது தீர்மானமாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி கேன்டீனில் கேரம் போர்டில் எனக்குச் சமமாக ஆடியவர்கள் மூன்று பேர்தான். வின்ட்சரில் கேரம் போர்டு இல்லை. முதல் குளிர்காலத்தில், உடன் வேலை பார்த்த டேரில் என்ற வெல்டர் என்னை ஒரு பில்லியர்ட்ஸ் ஹாலுக்கு அழைத்துப்போனான். எய்ட்பால் என்ற ஆட்டம். மேசைமேல் பதினைந்து வண்ணப் பந்துகள். நமக்கு உரிய ஏழு பந்துகளையும் குழியில் தள்ளிவிட்டுக் கடைசியாக எட்டாம் எண் கறுப்பைத் தள்ள வேண்டும். அடிப்பது வெள்ளைப் பந்தை மட்டும், கியூ என்ற நீளக் கோலால். கேரம் ஆடியவனுக்குக் கோணம் கையிலேயே இருக்கிறது. நாலாவது மாதம் டேரில் தன் லீக் அணியில் என்னைச் சேர்த்துவிட்டான். புதன்கிழமை மாலைகளில் ஆட்டம். ஆட்டம் நடக்கும் இடத்தில் பீர் விற்பார்கள் என்று தெரிந்ததும் லோகா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தாள். “புதன் உங்களுக்கு, வெள்ளி சாமிக்கு, மத்த அஞ்சும் எனக்கும் புள்ளைக்கும். ஒப்புக்கினா போங்க, இல்லன்னா வாணாம்.”

ஒப்புக்கொண்டேன். வேலை, குடும்பம், சாமி, விளையாட்டு நான்கையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று இங்குள்ள நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். ஆட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது நான்கு. மீதியை யாரும் என்னிடம் கேட்க முடியாது. தவறவிட்ட புதன்கிழமைகளையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ஓவர்டைமுக்காக முப்பத்தாறு, எங்கள் பெண்ணின் பள்ளி விழாக்களுக்காக ஏழு, சூரசம்ஹாரத்துக்காக மூன்று. வெள்ளிக்கிழமைக் கோயில் ஒன்றுகூடத் தவறவில்லை, பனிப்புயல் அடித்த இரண்டு நாட்கள் நீங்கலாக.

ஆயுத பூஜைக்காக ஒரு புதன்கூடத் தவறியதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பட்டறையில் அனுமதி கேட்டு ஒவ்வொரு வருடமும் மைக்ரோமீட்டரை வீட்டுக்குக் கொண்டுவருவேன். லோகா அதற்குப் பொட்டு வைப்பாள். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை அதை யாரும் தொடக் கூடாது. சொந்தமாகக் கியூ வாங்கிய வருடமே, அதையும் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். “அது இன்னா, சோறு போடுதா?” என்றாள். அடுத்த இரண்டு வருடங்களும் கேட்டேன். பிறகு கேட்கவில்லை. கியூ கராஜ் கதவுக்குப் பின்னால், பனி அள்ளும் மண்வெட்டியின் துணையோடு இருந்தது; பூஜை நாளிலும் அதை எடுக்கத் தடையில்லை.

சென்ற வசந்தத்தில் ஓய்வு பெற்றேன். மைக்ரோமீட்டரைத் துடைத்து, எண்ணெய் தடவி, பட்டறையில் திருப்பிக் கொடுத்தேன். அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் அணி நகரத்தின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஜெயித்தால் மாகாணப் போட்டி. இருபத்து நான்கு ஆண்டுகளில் நாங்கள் ஐந்து முறை இரண்டாவதாக வந்திருக்கிறோம். மாகாணத்துக்கு ஒருமுறையும் போனதில்லை. எனக்கு வயது அறுபத்தைந்து. கோலைத் தாங்கி மேசைமேல் ஊன்றும் இடது கையில் ஒரு நடுக்கம் வந்திருக்கிறது, நிமிடத்துக்கு நான்கு அல்லது ஐந்து முறை. அடுத்த வருடம் அது ஐந்தாகவே இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? அதனால் இந்த இறுதி ஆட்டம் எனக்கு வேண்டியிருந்தது. வாய்விட்டே சொல்கிறேன், மிகவும் வேண்டியிருந்தது.

ஆட்டம் புதன் மாலை ஏழு மணிக்கு. ஐந்தரைக்குக் கராஜுக்குப் போனேன். மண்வெட்டி இருந்தது, கியூ இல்லை. உள்ளேயிருந்து ஊதுவத்தி மணம் வந்தது. பூஜை அலமாரிக்கு முன்னால், கோலம் போட்ட பலகையில், பெண்ணின் பழைய கால்குலேட்டருக்கும் லோகாவின் தையல் கத்தரிக்கும் நடுவில் என் கியூ கிடந்தது. அடித்தண்டில் மூன்று சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். சம இடைவெளி, அரை அங்குலத்துக்கு ஒன்று. என்னோடு முப்பத்தாறு வருடம் குடித்தனம் செய்ததில் அவளுக்கும் அளவு வந்துவிட்டது.

“இன்னாங்க அப்பிடிப் பாக்கறீங்க? மைக்ரோமீட்டர் தான் போயிடுச்சே. இந்த வருஷம் உங்க பேருக்கு வைக்கறதுக்கு ஊட்ல ஒண்ணுமே இல்ல. அதான் இத எடுத்தாந்தேன்” என்றாள்.

இன்று ஆட்டம் இருக்கிறது என்றேன். அவள் முகம் மாறியது. “லீக்கு போன வாரமே முடிஞ்சிச்சுன்னு சொன்னீங்களே!” லீக் முடிந்ததுதான். இறுதி ஆட்டம் தனி. அதை நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இருபத்து நான்கு வருடம் கியூவுக்கும் பூஜைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால் யார்தான் பார்ப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் ஏழுமலையின் போன். பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் பயிரிடுகிறவர். நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம்; அங்கே விடியற்காலை மூன்றேகால். பூஜை வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டார்.

“இன்னாடா நைனா, கொரலு டல்லா கீது?”

சொன்னேன். அவர் சிரித்தார். “இதுக்கா பேஜாரு? இங்க நாளே மாறிப் போச்சுடா. மூணு மணிக்குத்தான் கரண்டு வுட்டான். மோட்டாருக்குச் சூடத்தக் காட்டிட்டு சுவிட்சப் போட்டுட்டேன், தண்ணி பாய்ஞ்சிக்கினு கீது. பயிரு காயுதுன்னா சாமி கோச்சிக்குமா? நீயும் ஒரு சூடத்தக் கொளுத்திட்டு எடுத்துக்கினு போவியா!”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. லோகா குனிந்து அதனிடம் பேசினாள். “மாமா, உங்க ஊட்டுப் பூசைக்கு உங்க ஊரு கரண்டு கணக்கு. இது இந்த ஊட்ல நான் போட்ட பூசை. இங்க இன்னும் பொழுதே சாயல.”

“அடேங்கப்பா! தம்பி, நான் போன வைக்கறேன். அங்க என் அதிகாரம் செல்லாது.”

எனக்கு அது அப்போதே உறைத்தது. ஊரில் இருப்பவர்கள் வழக்கத்தை வளைக்கிறார்கள். அவர்களுக்கு அது தோட்டத்துக் கொடி, வளைத்தாலும் மறுபடி துளிர்க்கும். நாங்கள் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தவர்கள். உடைந்தால் வேறு இல்லை என்று பயந்து, தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

லோகா நிமிர்ந்தாள். “எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். அவள் நிஜமாகவே சொன்னாள். நான் கியூவுக்கு முன்னால் நின்றேன். இந்தியக் கணக்கில் வியாழன், எடுக்கலாம். இந்த வீட்டுக் கணக்கில் புதன், கூடாது. இரண்டு கணக்கும் சரி. ஆனால் மூன்று வருடம் கேட்டுக் கிடைக்காத பொட்டு, கேட்காத வருடத்தில் கிடைத்திருக்கிறது. அதை நானே துடைத்துவிட்டுப் போவதா? காரின் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து டேரில் பதறிவிட்டான். “எங்கே உன் ஸ்டிக்?” என்றான். அது இன்று பூஜையில் இருக்கிறது, பொட்டு வைத்துப் பூப்போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம், நாளைவரை தொடக் கூடாது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். பூ, பிரார்த்தனை, படுக்க வைத்தல் மூன்றையும் கேட்டதும் அவன் தொப்பியைக் கழற்றினான். “ஐயம் ஸோ சாரி. வாஸ் இட் சடன்?” என்றான். “யெஸ், வெரி சடன். மை வைஃப் டிட் இட்” என்றேன்.  மறுநாள் மாலை அவன் வீட்டிலிருந்து துக்க வீட்டுக்கென்று ஒரு பெரிய தட்டு லசானியா என்ற இத்தாலிய உணவு வந்தது. லோகாவைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஹாலின் சுவரில் பொதுவுக்கு வைத்திருக்கும் கோல்கள் பதினான்கு. ஒவ்வொன்றையும் மேசைமேல் உருட்டினேன். கும்மிடிப்பூண்டியில் சமதளப் பலகையில் ஷாஃப்ட்டை உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போமே, அப்படி. பதினொன்று வளைந்தவை. இரண்டு சுமார். ஒன்று தேறியது. எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். நான் பதினைந்து வருடம் சம்பளம் வாங்கிச் செய்த வேலை இது. யார் சிரித்தால் என்ன?

அணிகள் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றபோது கடைசி ஆட்டம் எனக்கு. அதிலும் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவதில் என் ஏழு பந்துகளையும் வரிசையாகத் தள்ளினேன். இடது கை அசையவில்லை. ஒருமுறைகூட அசையவில்லை, எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மிச்சம் கறுப்பு மட்டும், மூலைக் குழிக்கு நேராக. அடித்தேன். கறுப்பு சத்தமில்லாமல் உள்ளே போனது. வெள்ளை அங்கேயே நின்றிருக்க வேண்டும். அந்தக் கோலின் நுனித் தோல் காய்ந்து கல்லாகியிருந்தது. பந்தைப் பின்னிழுக்கும் சுழற்சி அதில் ஏறவில்லை. வெள்ளை மெல்ல, நடந்து போவதைப்போல, கறுப்பின் பின்னாலேயே போய் அதே குழியில் விழுந்தது. கறுப்போடு வெள்ளையும் விழுந்தால் தோல்வி. கோல் நேராக இருக்கிறதா என்று பார்த்தவன் நுனியைப் பார்க்கவில்லை. டேரில் என் தோளைத் தட்டி, இப்படிப்பட்ட நாளில் வந்ததே பெரிது என்றான்.

மறுநாள் காலை ஆறரைக்கு லோகா சூடம் காட்டி மறுபூஜையை முடித்தாள். அவள் வேலைக்குக் கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “ஜெயிச்சீங்களா?”

“இல்ல.”

கொஞ்ச நேரம் பூவைச் சரிசெய்தாள். “இந்தக் கோலு கையில இருந்திருந்தா?”

அந்த அடியை என் கியூவால் பழகியிருக்கிறேன். நோட்டில் இருக்கிறது: பத்துக்கு எட்டு. “கணக்குப்படி பாத்தா, அப்பவும் அதே தான்” என்றேன். கும்மிடிப்பூண்டியில் பதினைந்து, வின்ட்சரில் இருபத்து நான்கு, ஆக முப்பத்தொன்பது வருடப் பரிசோதனை வேலையில் தெரிந்தே நான் தப்பாகச் சொன்ன அளவு இது ஒன்றுதான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கியூவை இரண்டு கைகளாலும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இன்னிக்கு ஒரு தபாவாவது அடிக்கணும். அப்பதான் வருஷம் பூரா ஓடும்.”

“எதுல அடிக்கிறது? ஊட்ல மேசையா கீது?”

அவள் சாமி படத்தின் முன்னாலிருந்து குங்குமம் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மரத்தரையில் வைத்தாள். ஊரில் இந்நேரம் அண்ணனின் டிராக்டர் இதேபோல ஒரு பழத்தை நசுக்கியிருக்கும். நான் கியூவின் நுனியில், வழுக்காமலிருக்கத் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டியைத் தடவி, முட்டிபோட்டு, இடது கையை ஊன்றினேன். அடுத்த வருடம் ஆயுத பூஜை எந்தக் கிழமை என்று முந்தின இரவே பார்த்து வைத்துவிட்டேன்; அது புதன் அல்ல. கை அசையவில்லை. குங்குமத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் அடித்தேன்; அங்கே ஒரு நீலப் புள்ளி ஒட்டியது. பழம் உருண்டது. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். பதினோரு சுற்று எண்ணினேன். வாசற்கதவுக்கு ஒரு சாண் முன்னால், பனிக்கால பூட்ஸுகளை ஒட்டி நின்றது. சிவப்புப் புள்ளி பூஜை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீலப் புள்ளி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மிதிச்சிடாதீங்க” என்றாள் லோகா. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.